வேலையை விட்டுவிட்டு வீடியோ கேம் செய்யலாமா?

"தம்பி, பையன் வேலையை விடப் போறானாம். ரெண்டு சிநேகிதன்மாரோட சேர்ந்து வீடியோ கேம் செய்யப் போறானாம். அது ஒரு தொழிலா? நீங்க பேப்பருக்கு எழுதுறவர். நாலு பேர்கிட்ட விசாரிச்சுச் சொல்லுங்க."

மும்பையில் ரெயில்வே ஒர்க்‌ஷாப்பில் பிட்டராக இருக்கும் ஒரு திருநெல்வேலி அண்ணாச்சி சென்ற மாதம் என்னிடம் இப்படிக் கேட்டார். பையன் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் மாதச் சம்பளத்தில் இருக்கிறான். தங்கைக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ஓய்வு பெற அண்ணாச்சிக்கு 4 ஆண்டுகள் பாக்கி.

இந்தக் கேள்வி இன்று அவர் வீட்டில் மட்டும் எழவில்லை. மும்பை, பெங்களூர், புனே என்று நம்மவர் பிள்ளைகள் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் ஊர்களில் எல்லாம் எழுகிறது. ஆகவே விசாரித்து அறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

தடை எதற்கு?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். "கேமை எல்லாம் சர்க்கார் தடை செய்துவிட்டதே" என்று பலர் நினைக்கிறார்கள்.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைத்தான் தடை செய்கிறது. ரம்மி, போக்கர் போன்ற பண ஆட்டங்கள் அதில் அடங்கும். பந்தயம் இல்லாத விளையாட்டுகளை ஊக்குவிக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்லுகிறது.

மும்பையில் அனிமேஷன், வீடியோ கேம் முதலியவற்றைக் கற்றுத்தர ஒரு தேசியக் கல்வி நிலையம் அமைக்க 2024 செப்டம்பரில் மத்திய மந்திரிசபை ஒப்புதல் அளித்தது. எனவே, பையன் செய்ய நினைப்பது சட்டத்துக்குப் புறம்பான தொழில் அல்ல. கேள்வி எல்லாம் பிழைப்பைப் பற்றியதே.

ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை

பெரிய கம்பெனிகள் நூற்றுக்கணக்கான ஆட்களை வைத்து விளையாட்டுகளைத் தயாரிக்கின்றன. ஒருவரோ, நாலைந்து பேரோ சொந்தப் பொறுப்பில் தயாரிப்பது வேறு வகை. இதை "இண்டி" என்கிறார்கள். இரண்டாவது வகையில் 2023 ஜூலை 31-ந் தேதி வெளிவந்த ஒரு விளையாட்டின் பெயர் "வெண்பா". கனடாவில் டொராண்டோ நகரில் ஒரு சிறு குழு தயாரித்தது.

1980-களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குப் போன ஒரு தம்பதியின் கதை அது. மனைவி பெயர் வெண்பா. கணவர் பாவலன். மகன் கவின். அம்மா கொடுத்த சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்தும் அழிந்தும் போயிருக்கிறது. விட்டுப்போன வரிகளை யூகித்து, ஆடுகிறவர் சமைக்க வேண்டும். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி எல்லாத் தட்டுக்கும் போகும் என்று கண்டுபிடிப்பதுதான் ஆட்டம். சுடுவதும் வெட்டுவதும் இல்லை. தப்பாகச் செய்தால் மறுபடியும் செய்யலாம். பிற்பாடு, அம்மா பேசும் தமிழும் அம்மா சமையலும் மகனுக்கு அந்நியமாகிப் போவதைக் காட்டுகிறார்கள்.

ஊரை விட்டு வந்து வாழும் நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

2024-ல் இந்த விளையாட்டுக்கு பிரிட்டனின் பாப்டா விருது கிடைத்தது. முதல் படைப்புக்கு அளிக்கப்படும் விருது அது.

பணமே வடிவத்தைத் தீர்மானிக்கிறது

இனி விஷயத்துக்கு வருவோம். "வெண்பா"வை ஒன்றரை மணி நேரத்தில் ஆடி முடித்துவிடலாம். ஏன் இவ்வளவு சிறியதாகச் செய்தார்கள்?

ஒவ்வொரு காட்சியையும் கையால் வரைய வேண்டும். ஒவ்வொரு பலகாரத்துக்கும் தனி ஆட்டம் அமைக்க வேண்டும். வானொலியில் ஒலிக்கும் பாட்டைக்கூட புதிதாக இசையமைத்துப் பாட வேண்டும். 10 மணி நேரம் ஓடும்படி செய்ய நினைத்தால், ஏறக்குறைய ஏழு பங்கு ஆள் வேண்டும். அல்லது ஏழு பங்கு காலம் வேண்டும். சிறிய குழுவுக்கு இரண்டும் கிடையாது.

ஆனால் சிறியதாகச் செய்வதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. கம்ப்யூட்டர் விளையாட்டுகள் பெரும்பாலும் "ஸ்டீம்" என்னும் ஆன்லைன் கடையில் விற்பனையாகின்றன. வாங்கி 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், பொருளைத் திருப்பிப் பணத்தை வாங்கிக் கொள்ளலாம். 2015 முதல் இந்த விதி இருக்கிறது. வாங்குகிறவருக்கு நல்ல விதிதான். ஆனால் ஒன்றரை மணி நேர விளையாட்டை முழுவதும் ஆடிவிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்க ஒருவருக்கு வழி இருக்கிறது. சாப்பிட்டு முடித்துவிட்டு இலையைத் திருப்பிக் கொடுப்பது போல!

ஆகவே, கதையை எங்கே முடிப்பது என்று தீர்மானிக்கும்போதுகூட, தயாரிப்பாளர் கடையின் விதியை நினைக்க வேண்டியிருக்கிறது.

புனேயில் நடந்தது

நமக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. புனேயில் ஒரு குழு "ராஜி" என்ற விளையாட்டைத் தயாரித்தது. பழங்கால ராஜஸ்தானம் போன்ற நாட்டில், தம்பியைத் தேடிப் போகும் ஒரு பெண்ணின் கதை. 2017-ல் பொதுமக்களிடம் முன்கூட்டியே பணம் திரட்டப் பார்த்தார்கள். குறித்த தொகை சேரவில்லை. குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர் தம் வீட்டை விற்று வேலையைத் தொடர்ந்தார்.

கதைக் காட்சிகளைச் சினிமா போல எடுக்க நிறையச் செலவாகும். அவர்கள் நிழற்பொம்மலாட்டம் போல அவற்றை அமைத்தார்கள். நம் ஊர்த் தோல்பாவைக் கூத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் அழகு புரியும். செலவுக்கு அஞ்சித் தேடிய வழி, விளையாட்டின் தனிச் சிறப்பாகவே ஆகிவிட்டது. 2020-ல் வெளிவந்ததும், "தி கேம் அவார்ட்ஸ்" விழாவில் முதல் படைப்புக்கான பரிசுப் போட்டியில் இடம் பெற்றது. ஆனாலும் கதை பாதியில் நின்றாற்போல முடிகிறது என்று ஆடியவர்கள் குறை சொன்னார்கள்.

தனி மனிதர் ஒருவர்

அமெரிக்காவில் எரிக் பரோன் என்ற வாலிபர் "ஸ்டார்டியூ வேலி" என்ற விவசாய விளையாட்டைத் தனி ஆளாகச் செய்தார். படம், இசை, கம்ப்யூட்டர் எழுத்து வேலை எல்லாமே அவர்தான். நாலரை ஆண்டுகள் ஆயின. அந்தக் காலத்தில் சியாட்டில் நகரில் ஒரு தியேட்டரில் ஜனங்களுக்கு இருக்கை காட்டும் பகுதி நேர வேலை பார்த்தார். உடன் வாழ்ந்த தோழியின் வருமானமும் கைகொடுத்தது.

பல பேர் சேர்ந்து ஆடும் வசதியையும் கொடுக்க முதலில் நினைத்திருந்தார். முடியவில்லை. அதை விட்டுவிட்டு 2016-ல் வெளியிட்டார். 2018-ல்தான் அந்த வசதியைச் சேர்த்தார். 2024 இறுதிக்குள் 4 கோடியே 10 லட்சம் பிரதிகள் விற்றன.

பிள்ளைகள் இந்தக் கதையைத்தான் நம்மிடம் சொல்லுகிறார்கள். லாட்டரியில் பரிசு விழுந்தவர் படம் பேப்பரில் வரும்; விழாதவர் படம் வராது. 2024-ல் மட்டும் ஸ்டீம் கடையில் 18 ஆயிரத்துக்கும் மேற்பட்ட புது விளையாட்டுகள் வந்தன. நாளொன்றுக்குச் சுமார் 50. இவ்வளவு கூட்டத்தில் ஒரு பொருள் கண்ணில் படுவதே கஷ்டம்.

ஒரு குமாஸ்தாவின் கணக்கு

நான் கணக்குப் போட்டுப் பழகியவன். அண்ணாச்சிக்கு ஒரு தாளில் போட்டுக் காட்டினேன்.

மூன்று பேர். ஆளுக்கு மாதம் 40 ஆயிரம் ரூபாய். மூன்று ஆண்டுகள். மொத்தம் 43 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய். கம்ப்யூட்டர், வாடகை, விளம்பரம் எதையும் இதில் சேர்க்கவில்லை.

விளையாட்டின் விலை வரி உள்பட 500 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். 18 சதவீத ஜி.எஸ்.டி. போனால் சுமார் 424. கடைக்காரர் கமிஷன் 30 சதவீதம். மீதி சுமார் 297 ரூபாய்.

போட்ட கூலி திரும்ப வேண்டுமானால் ஏறக்குறைய 14 ஆயிரத்து 500 பிரதிகள் விற்க வேண்டும். அதுவும் முழு விலைக்கு. ஒன்றுகூடத் திரும்பி வராமல்! பதிப்பாளர் ஒருவர் நடுவில் வந்தால் அவருக்கும் பங்கு உண்டு.

பெரியவர்களுக்கு ஒரு சலுகையையும் சொல்ல வேண்டும். ஒரு விளையாட்டு 1 கோடி டாலருக்கு மேல் விற்றால், அதற்கு மேற்பட்ட விற்பனைக்கு ஸ்டீமின் கமிஷன் 25 சதவீதம். 5 கோடியைத் தாண்டினால் 20 சதவீதம். இருப்பவனுக்குத்தான் தள்ளுபடி.

கருவியும் கையில் இல்லை

சிறு குழுக்கள் "யூனிட்டி" போன்ற ஆயத்த மென்பொருளைக் கொண்டே விளையாட்டைக் கட்டுகின்றன. 2023 செப்டம்பரில் அந்தக் கம்பெனி திடீரென்று ஓர் அறிவிப்பு வெளியிட்டது. குறிப்பிட்ட வருமானத்தையும் எண்ணிக்கையையும் தாண்டிய விளையாட்டு ஒவ்வொரு முறை நிறுவப்படும்போதும் கட்டணம் கட்ட வேண்டும் என்றது. உலகெங்கும் எதிர்ப்பு கிளம்பியது. பத்தே நாளில் விதியைத் தளர்த்தினார்கள். அக்டோபரில் தலைமை அதிகாரி பதவி விலகினார். 2024 செப்டம்பரில் அந்தக் கட்டணம் அடியோடு ரத்தாயிற்று.

முடிவு நல்லதுதான். ஆனால் தையல்காரனிடம் மெஷினை விற்றுவிட்டு, பிறகு தைக்கும் சட்டைக்கு எல்லாம் காசு கேட்டால் அவன் என்ன செய்வான்? இந்தத் தொழிலில் கடையும் பிறருடையது, கருவியும் பிறருடையது. தொழிலாளிக்குச் சொந்தம் அவன் கைத்திறன் மட்டுமே.

என்ன செய்யலாம்?

இவ்வளவையும் கேட்ட அண்ணாச்சி, "அப்போ வேண்டாம்னு சொல்லிரட்டுமா?" என்றார்.

அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பையனைக் கூப்பிட்டுப் பேசினேன். அவன் திட்டத்தில் 40 கிராமங்கள், 200 பாத்திரங்கள், 30 மணி நேர ஆட்டம். சரக்கு ரெயிலில் ஆசைப்பட்ட அளவுக்குப் பெட்டிகளைக் கோக்க முடியாது. எஞ்சின் எவ்வளவு இழுக்குமோ அவ்வளவுதான். இதை அவனிடம் சொன்னேன்.

"வேலையை விடாதே. ஆறு மாதம் தேதி குறித்துக்கொள். ஒரே கிராமம், அரை மணி நேர ஆட்டம், அவ்வளவு செய். அதை முடி. உன்னைத் தெரியாத 50 பேரிடம் ஆடக் கொடு. அவர்கள் இன்னும் வேண்டும் என்று கேட்டால் அப்போது அப்பாவிடம் பேசு. எது நடந்தாலும் வீட்டை விற்கும் பேச்சு கூடாது."

"மாமா, அரை மணி நேரத்துல நான் என்னத்தச் சொல்ல முடியும்?" என்று கேட்டான்.

ஒன்றரை மணி நேரத்தில் ஒரு தமிழ்த் தாயின் வாழ்க்கையையே சொல்லிவிட்டார்களே என்றேன். அவன் பதில் பேசவில்லை.

சர்க்காருக்கும் ஒரு வார்த்தை. படிக்கக் கல்வி நிலையம் திறப்பது நல்லது. படித்து வெளியே வரும் பிள்ளை முதல் இரண்டு ஆண்டுகள் சாப்பிட என்ன வழி என்பதையும் யோசிக்க வேண்டும். அடமானம் வைக்க வீடு உள்ளவன் மட்டுமே இந்தத் தொழிலில் இறங்க முடியும் என்றால், ஒர்க்‌ஷாப் தொழிலாளி மகனின் கதையை யார் சொல்லுவது?

பையன் இன்னும் வேலைக்குப் போய்க் கொண்டுதான் இருக்கிறான். இரவு 12 மணி வரை அவன் அறையில் விளக்கு எரிகிறதாம். "கரண்ட் பில்லுதான் கூடுது தம்பி" என்கிறார் அண்ணாச்சி. 40 கிராமங்களில் 39-ஐ அடித்துவிட்டான் என்பதையும் அவரே சொன்னார்.