மொச்சைக்குப் பட்டா கேட்கிறார்கள்

உழவன் என்றால் யார்? நம்ம சனத்திடம் கேட்டால் உழுகிறவன், விதைக்கிறவன், களை எடுக்கிறவள் என்று சொல்லும். அரசாங்கம் அப்படிச் சொல்லாது. எவன் பேரில் பட்டா இருக்கிறதோ அவனே உழவன். மண்வெட்டி பிடித்துக் கையில் காய்ப்பு இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை, காகிதம் இருக்கிறதா என்றுதான் பார்க்கும்.

1999 நவம்பர் 14இல் மதுரை அண்ணா நகரில் தமிழகத்தின் முதல் உழவர் சந்தையை அன்றைய முதல்வர் கருணாநிதி திறந்து வைத்தார். பஞ்சாபில் அப்னி மண்டி முன்பே இருந்தது. ஆந்திரத்தில் ரைத்து பஜார் அதே ஆண்டு சனவரியில் வந்தது. தரகன் இல்லை, கடை வாடகை இல்லை, தராசு இலவசம், அன்றைய விலை பலகையில். நல்ல காரியம்தான், மறுக்கவில்லை. 2001இல் ஆட்சி மாறியதும் கவனிப்பாரற்றுக் கிடந்தது, 2006க்குப் பிறகு மறுபடி உயிர் வந்தது. அந்தக் கட்சிச் சண்டையை எழுதிக் குவித்தாயிற்று. உள்ளே நுழைய வேண்டுமானால் கையில் இருக்க வேண்டிய அடையாள அட்டையைப் பற்றித்தான் பேச்சே இல்லை.

கொட்டாம்பட்டிப் பக்கத்து மானாவாரியில் என் ஆத்தா வாரத்துக்குப் பயிர் செய்கிறது. கடலைக்கு ஊடே மொச்சையும் துவரையும், வரப்போரம் தட்டப்பயறு. எல்லாம் வாய்ப்பேச்சு வாரம், எழுத்து கிடையாது. காய்ந்ததை அடித்துப் புடைத்து மூட்டை கட்டி, சந்தை அட்டைக்காக ஓர் அலுவலகத்துக்குப் போனது. “ஏம்மா, பட்டா யார் பேர்ல இருக்கு?” “நெலம் அவுகளுதுய்யா. வெதச்சது நானு.” “அப்ப அவுகள வரச் சொல்லு.”

தோழர்களே, இந்தப் பதிலை யோசித்துப் பாருங்கள். உழாதவன் வந்தால் அட்டை கிடைக்கும், உழுதவள் போனால் கிடைக்காது. சந்தைக்குப் பேரோ உழவர் சந்தை.

ஆத்தா மூட்டையோடு மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே ஓரமாக உட்கார்ந்தது. அங்கே பட்டா கேட்க ஆளில்லை. ஆனால் எழுப்பி விட ஆளிருக்கிறது, உட்கார்ந்ததற்குக் காசு கேட்கவும் ஆளிருக்கிறது. கொஞ்ச தூரத்தில், 2010இல் நகருக்குள்ளிருந்து கொண்டுவந்த காய்கறி மார்க்கெட்டில் லாரி லாரியாகச் சரக்கு இறங்குகிறது.

தாவணி என்றால் மாட்டுச் சந்தை. துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பேசுகிற இருவரைத் தவிர வேறெவனுக்கும் விலை தெரியாது. பலகையில் விலை எழுதிப் போட்டதுதான் உழவர் சந்தை செய்த பெரிய மாற்றம் என்பேன். அந்தப் பலகைக்குக் கீழே உட்கார நமக்கு இடமில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல்.

மொச்சையைப் போய் இவ்வளவு பெரிதாகப் பேச வேண்டுமா என்று கேட்கலாம். தக்காளியும் கத்தரியும் இன்று விற்காவிட்டால் நாளை குப்பை. சாயங்காலமானால் வியாபாரி சொன்னதுதான் விலை. காய்ந்த பயறு காத்திருக்கும். துவரைக்குச் செம்மண் கட்டிக் காயவைத்தால், மொச்சைக்குச் சாம்பல் போட்டு வைத்தால், குடிசை மூலையிலேயே மாதக்கணக்கில் கிடக்கும். ஐஸ் வேண்டாம், குடோன் வேண்டாம். ‘இந்த விலைக்குத் தர மாட்டேன்’ என்று சொல்லும் தெம்பை நிலமில்லாதவளுக்குத் தருகிற சரக்கு அது ஒன்றுதான்.

இன்னொன்றும் உண்டு. சேரியில் கறந்த பாலை ஊர்க்காரன் வாங்கத் தயங்குவான், சேரியில் அவித்த மொச்சையைத் தொடவே மாட்டான். காய்ந்த மொச்சையில் மட்டும் தீட்டு ஒட்டுவதில்லை. மூட்டை கைமாறிக் கீழமாசி வீதிக் கடைக்குப் போய்விட்டால் அதற்குச் சாதியே கிடையாது! ஆனால் நாமே உட்கார்ந்து விற்றால், “எந்த ஊரு? ஊருல எந்தப் பக்கம்?” என்ற கேள்வி பயறை அள்ளிப் பார்க்கும் முன்னே வந்துவிடுகிறது. தரகன் விலையை மட்டுமா தின்கிறான்? நம்மை மறைத்து வைக்கும் வேலையையும் அவனே செய்கிறான்.

அளவை எப்போதும் அதிகாரம்தான். கூலி அளக்க ஒரு படி, குத்தகை வாங்க ஒரு மரக்கால் என்று வைத்திருந்த பண்ணைகளை நம் தாத்தாக்கள் பார்த்திருக்கிறார்கள். அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்ட சனத்தில் 44 பேரைக் கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25இல் எரித்தார்கள். அதனால் இலவசத் தராசை நான் சின்ன விசயமாக நினைக்கவில்லை.

சட்டம் இல்லாமலில்லை. 1969இலேயே குத்தகை உரிமையைப் பதிவு செய்யச் சட்டம் போட்டாயிற்று. பதியப் போனால் என்ன நடக்கும்? அடுத்த பட்டத்துக்கு நிலம் கிடைக்காது. வேலைக்கும் கூப்பிட மாட்டான். சட்டம் தாலுகா ஆபீசில் இருக்கிறது, நிலமோ ஊருக்குள் இருக்கிறது.

சொந்த நிலமே இல்லாமல் எப்படிப் போனோம்? செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் பஞ்சமி நிலம் ஒதுக்கப்பட்டது. நம் கையைவிட்டு அதைப் பிறருக்கு மாற்றக்கூடாது என்று நிபந்தனையும் உண்டு. 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படும் அந்த நிலம் இன்று யார் கையில்? காரணை பஞ்சமி நிலத்துக்காகப் போராடி ஜான் தாமசும் ஏழுமலையும் 1994இல் செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். பட்டா கொண்டு வா என்று சொல்லும் அதிகாரிக்கு இந்தக் கதை தெரிய வேண்டாமா?

அட்டையைப் பட்டாவிலிருந்து பிரிக்க வேண்டும். வயலை நேரில் பார்த்துவிட்டுத்தானே அட்டை கொடுக்கிறார்கள். பார்க்கப் போகிறவர் வரப்பில் நின்று யார் குனிந்து வேலை செய்கிறார்கள் என்று பார்க்கட்டும், அவர் பேரையே எழுதட்டும். அப்படிச் செய்தால் வியாபாரி போலியாக நுழைந்துவிடுவானாம். பட்டா கேட்கும்போதே வியாபாரிகள் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற புகார் இருக்கத்தானே செய்கிறது! கூலியாகப் பயறு வாங்குகிற பெண்களுக்கும் அதே தராசில் நிறுக்க உரிமை வேண்டும். உழைத்துப் பெற்ற கூலியை விற்பதற்குத் தரகு எதற்கு?

மாணவத் தோழர்கள் இந்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டு எடுத்துப் போங்கள். சேரியில் யார் யார் வாரத்துக்குப் பயிர் செய்கிறார்கள், எத்தனை பேரிடம் உழவர் சந்தை அட்டை இருக்கிறது என்று எழுதுங்கள். நிலக்காரன் பேர் வேண்டாம், அதனால் சனத்துக்கு ஆபத்து. ஆகஸ்ட் 15 கிராம சபையில் அந்த எண்ணிக்கையை வாசித்து, பயிர் செய்பவருக்கே அட்டை என்று தீர்மானம் கேளுங்கள். தீர்மான நோட்டில் அதை எழுதாமல் யாரையும் எழுந்துபோக விடாதீர்கள்.