டேக் ஃபைவ்: அஞ்சை எண்ணினா போதுமா?

ஜாஸ் பத்திப் பேச்செடுத்தா நம்ம பசங்ககிட்ட இருந்து ரெண்டு பதில் வரும். ஒண்ணு, "மைனர் கீயா? அப்போ சோகப் பாட்டு". ரெண்டு, "டேக் ஃபைவா? அது நம்ம கண்ட சாபு மச்சி, இங்கேருந்து சுட்டது". ரெண்டையுமே என்னால ஒத்துக்க முடியல. ஏன்னு சொல்றேன்.

கேட்காதவங்களுக்குச் சின்ன அறிமுகம். 1959 ஜூலை 1 அன்னிக்கு நியூயார்க்கில் பதிவு செஞ்சது. பியானோ டேவ் புரூபெக், ஆல்டோ சாக்ஸபோன் பால் டெஸ்மண்ட், பாஸ் யூஜின் ரைட், டிரம்ஸ் ஜோ மொரெல்லோ. மெட்டு டெஸ்மண்ட் போட்டது. 'டைம் அவுட்' ஆல்பத்துல இருக்கு, ஓடுறது அஞ்சரை நிமிஷம் கூட இல்ல.

முதல்ல சோகம். இது ஈ ஃப்ளாட் மைனர், நம்ம கணக்குல ரெண்டரைக் கட்டை. பியானோவில் பெரும்பாலும் கறுப்புக் கட்டைகள்தான். சாக்ஸபோன்காரருக்கு அவ்வளவு கஷ்டமில்ல, ஆல்டோவில் அது சி மைனர் விரல்களா மாறிடும். சரி, மைனர்தான். ஆனா கேட்டா அழுகை வருதா? எனக்கு வரல. சாயங்காலம் வேலை முடிஞ்சு கைய வீசிக்கிட்டு நடக்கிற மாதிரிதான் இருக்கு. நடுவுல கொஞ்ச நேரம் மேஜர் பக்கம் போய் வெளிச்சம் காட்டிட்டுத் திரும்பவும் வரும். "இது நடபைரவி"ன்னு முத்திரை குத்தவும் முடியாது. மெட்டுல சுத்த மத்யமமும் பிரதி மத்யமமும் ஒட்டி ஒட்டி வருது!

அடுத்து வேகம். நிமிஷத்துக்குச் சுமார் 170 அடி. எண்ணிப் பாருங்க, வாய் வலிக்கும். ஆனா பாட்டுல அவசரமே தெரியாது. எங்க ஐயம்பேட்டையில் தறியில உட்கார்ந்திருக்கிறவங்களைப் பார்த்தா இது புரியும். கையும் காலும் ஓயாது, முகத்துல பதட்டம் இருக்காது. டெஸ்மண்ட் வாசிக்கிறதும் அப்படித்தான். கீழே அடி ஓடிக்கிட்டே இருக்கும், மேலே அவர் நீளமா மூச்சு விட்டு ஊதுவார்.

இப்போ கண்ட சாபு. அது தக தகிட, அதாவது 2+3. டேக் ஃபைவ் தகிட தக, 3+2. நம்ம சாபுவைப் போட்டுத் தட்டிப் பாருங்க, பியானோவோட சேராது. புரூபெக் 1958ல் அமெரிக்க அரசு ஏற்பாடு செஞ்ச பயணத்துல சென்னைக்கும் வந்து வாசிச்சவர், நம்ம லயத்தை மதிச்சவர். அதுக்காகச் சுட்டதுன்னு சொல்றது அநியாயம். மொரெல்லோ கச்சேரிகள்ல அஞ்சடியில வாசிச்சுக்கிட்டு இருந்தார், அதை வெச்சு ஒரு மெட்டுப் போடுன்னு டெஸ்மண்டைக் கேட்டாங்க. பாட்டு பிறந்த கதை இவ்வளவுதான்.

வித்தியாசம் நல்லாத் தெரியற இடம் டிரம்ஸ் தனி. ரெண்டு நிமிஷத்துக்கு மேல போகுது. நம்ம தனி ஆவர்த்தனம்னா கணக்கு ஏறிக்கிட்டே போய், கோர்வை வெச்சு முடிப்பாங்க. சேலையில கரையையும் உடலையும் கோர்வை இணைக்கிற மாதிரி எல்லாம் ஒரு இடத்துல வந்து சேரும். மொரெல்லோ அந்தப் பக்கமே போகல. நாலு அடி அடிப்பார், நிறுத்துவார், வெறும் இடைவெளியை விட்டுவைப்பார். பியானோ மட்டும் அதே ரெண்டு கார்டைத் திரும்பத் திரும்ப வாசிக்கும். நம்ம கச்சேரியில தாளம் போடுற கையோட வேலையை அங்கே பியானோ செய்யுது.

என்னைக் கேட்டா பாட்டோட மனநிலையே அந்த ரெண்டு கார்டுலதான் இருக்கு. அது அசையாம நிக்கறதாலதான் மத்தவங்க நிதானமா இருக்க முடியுது. கீ, வேகம், தாளம் மூணையும் தனித்தனியா எழுதிக் கூட்டிப் பாருங்க: மைனர், படுவேகம், ஒத்தைப்படை. சோகமா, பரபரப்பா, சிக்கலா ஒரு பாட்டு இருக்கணும். இருக்கிறதோ நேர் எதிர்.

எதைக் கேட்டாலும் "இது நம்மகிட்ட ஏற்கெனவே இருக்கு"ன்னு சொல்லிட்டா கேட்கிறதை அதோட நிறுத்திடறோம். பெருமை மிஞ்சும், பாட்டு போயிடும். நம்ம சங்கீதத்தை ஒரு வெள்ளைக்காரர் "ஏதோ மைனர் ஸ்கேல்"னு சொன்னா நமக்குக் கோபம் வராதா?

இன்னிக்கு ராத்திரி ஹெட்ஃபோன் மாட்டி, எண்ணாம ஒரு தடவை, எண்ணிக்கிட்டு ஒரு தடவை கேளுங்க. அப்புறமும் சோகம்தான்னு தோணினா வந்து திட்டுங்க, வாங்கிக்கறேன் :)