தெரிவு செய்து உடுப்போம்



‘பாவித்த உடுப்பு’ என்றதும் எம்மில் பலருக்கு முகம் சுருங்கும். அதற்குக் காரணம் உண்டு. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்திலிருந்து வெளியேறியவர்களில் பலர், உடுத்த உடுப்போடும் கையில் அகப்பட்ட ஒரு பையோடும்தான் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தார்கள். 2000ஆம் ஆண்டு தென்மராட்சி மக்கள் இடம்பெயர்ந்தார்கள். 2004 டிசெம்பர் 26இல் வடமராட்சி கிழக்கின் கரையோர மக்களைக் கடல் துரத்தியது. ஒவ்வொரு முறையும் யாரோ உடுத்துக் கழித்த உடுப்புகள் மூட்டையாக வந்தன. வரிசையில் நின்று வாங்கினோம். அளவு சரியா, நிறம் பிடித்ததா என்று எவரும் எம்மிடம் கேட்கவில்லை. அந்தக் கூச்சம் இன்னும் மனதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அதே ஆழிப்பேரலை தமிழ்நாட்டுக் கரையையும் தாக்கியது. அங்கும் பழைய உடுப்புகள் பாரவூர்திகளில் வந்து, ஏற்பாரின்றித் தெருவோரங்களில் குவிந்து கிடந்தன. 1999இல் டில்லியில் தொடங்கப்பட்ட ‘கூஞ்ச்’ என்ற தொண்டு நிறுவனம் அவற்றைத் தரம்பிரித்துப் பயன்படுத்தும் வேலையில் இறங்கியது. இந்த நிறுவனம் உடுப்பை இலவசமாகக் கொட்டிக் கொடுப்பதில்லை. கிராமத்தவர்கள் கூடிக் கிணறு தோண்டுவார்கள், பாதை திருத்துவார்கள். அந்த உழைப்புக்கு ஈடாக உடுப்பைப் பெறுவார்கள். உடுப்பு பழையதுதான். ஆனால் பெறுகிறவர் கையேந்துவதில்லை. இதன் நிறுவுநர் அன்சு குப்தாவுக்கு 2015இல் மகசேசே விருது கிடைத்தது.

ஆகவே கூச்சம் துணியில் இல்லை. அது எம்மிடம் வந்து சேர்ந்த விதத்தில்தான் இருக்கிறது. அக்காவின் சட்டையைத் தங்கை போடுவதிலும், அம்மாவின் கூறைச் சேலையை மகள் உடுப்பதிலும் நாம் வெட்கப்படுவதில்லையே! எமது காசில் நாமே பார்த்து எடுப்பதற்கு மட்டும் ஏன் வெட்கப்பட வேண்டும்?

நன்மைகளைப் பாருங்கள். முதலாவது, காசு மிச்சம். 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதமாக உயர்ந்தது. பின்னர் அது குறைந்தபோதும், ஏறிய விலைகள் பழைய நிலைக்கு இறங்கவில்லை. தனியொருத்தியாகக் குடும்பத்தைச் சுமக்கும் பெண்ணுக்கு உடுப்பில் மிஞ்சும் காசு பிள்ளையின் கொப்பியாகும், பால்மாவாகும்.

இரண்டாவது, ஏமாற்றம் குறைவு. புதுத்துணி முதல் தோய்ப்பில் சுருங்கலாம், சாயம் போகலாம். பாவித்த துணி சுருங்க வேண்டிய அளவுக்குச் சுருங்கியிருக்கும். பலமுறை தோய்த்த பருத்தி மெதுமையானது. குழந்தைக்கும் முதியவர்களுக்கும் உகந்தது.

மூன்றாவது, தையல் தெரிந்தவருக்கு இது தொழில். பெரிய சட்டையைச் சிறிதாக்குவது இலகு. அயலவருக்கும் அளவு திருத்திக் கொடுத்தால் வீட்டிலிருந்தே சிறு வருமானம் கிடைக்கும்.

வாங்கும்போது அவசரப்படாதீர்கள். துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நைந்த இடம் தெரியும். கழுத்துப் பட்டி, அக்குள், முழங்கை, தையல் மூட்டு, தெறி எல்லாவற்றையும் கவனியுங்கள். பட்டுச் சேலையானால் மடிப்புகளை விரித்துப் பாருங்கள். பட்டு முதலில் வெடிப்பது அங்கேதான். உள்ளாடைகளைப் பாவித்ததாக வாங்க வேண்டாம். மலிவு என்று தேவையில்லாத ஐந்தை அள்ளினால் மிச்சம் எதுவும் இராது.

சவர்க்காரம் கிடைக்காத பொருளாதாரத் தடைக் காலத்தில் பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்தவர்கள் நாம். எமக்குத் தோய்க்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் ஒன்று: வாங்கியதை அப்படியே அணியாதீர்கள். துணி தாங்குமானால் சுடுநீரில் ஊறவைத்துத் தோய்த்து, நல்ல வெய்யிலில் காயவிட்டு, சூடாக அழுத்தி எடுங்கள். சுடுநீர் தாங்காத துணியை ஒரு கிழமை பையில் இறுகக் கட்டி வைத்த பின் தோயுங்கள். சொறி, சிரங்கு பற்றிய பயம் வேண்டியதில்லை.

எனது அயலில் ஒரு சகோதரி இருக்கிறார். கணவரைப் போரில் இழந்தவர். வெளிறிய சேலைகளைத் தவிர வேறெதையும் அவர் உடுத்து நான் பார்த்ததில்லை. அண்மையில் ஒருநாள் மாவிலைப் பச்சையில் ஒரு நூல் சேலையோடு வந்தார். பாவித்த சேலைதான். கிழிந்த கரையை வெட்டி, வேறு கரை வைத்துத் தைத்திருந்தார்.

“இவ்வளவு காலமும் மற்றவை தந்ததைத்தான் உடுத்தனான் அக்கா. இது நானாப் பாத்து எடுத்தது” என்றார்.

வடிவாக இருக்கிறது என்றேன். உண்மையாகவே வடிவாகத்தான் இருந்தது.

சகோதரிகளே, அடுத்த முறை உடுப்பு எடுக்கப் போகும்போது, புதிதா பழையதா என்பதை மட்டும் பாராதீர்கள். எனக்குப் பிடித்திருக்கிறதா, என் கைக்காசுக்குள் அடங்குமா என்று உங்களையே கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.