புள்ளியைத் தின்னும் பொறி

பிள்ளைச்சாவடிக் கரையில் கடல் வீடுகளை விழுங்கியது நாடறிந்த செய்தி. 1980களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்திற்கு எழுப்பிய அலைத்தடுப்புகள், வடக்கே செல்லும் மணலை மறித்தமையின் விளைவு அது. போன தெருக்களுக்கு இனிப் பழம்படங்களே சான்று. மங்கிய படத்தைப் பெருக்கித் துலக்கும் செய்யறிவு மென்பொருளின் புதிய பதிப்பு வந்துள்ளதென்றால், அம் மக்களுக்கு ஆவல் எழாதா?

ஆனால், அது துலக்குவதன்று, இட்டுக்கட்டுவது! படத்தில் இல்லாத நுணுக்கத்தைத் தான் பயின்ற படங்களைக்கொண்டு நிரப்புவது. 2020-இல் அமெரிக்கத் தியூக்குப் பல்கலைக்கழகத்தார் ஆக்கிய இத்தகு கருவி, ஒபாமாவின் மங்கிய படத்தினின்று வெள்ளையர் முகத்தை வரைந்ததை உலகறியும். எவர் முகத்தைப் பயின்றதோ, அவர் முகமே எல்லார்க்கும்!

தமிழெழுத்துக்கும் அந் நிலையே. படகிலும் கடைப்பலகையிலும் மங்கிய எழுத்து, புள்ளியிழந்து சுழி திரிந்து, எம்மொழிக்கும் உரியதல்லாத கோடாய் வருவதுண்டு. பயன்படுத்துவோர் மெருகை வியக்கின்றனர். எழுத்தை நோக்குவார் அரியர்.

புள்ளியற்ற ஓலைகளைப் பதிப்பித்த உ.வே.சா., ஐயமுற்றவிடத்து வேறுபாடுகளைக் குறித்துக் காட்டினார். பொறியோ தன் ஐயத்தை மறைக்கின்றது.

எனவே, கடல்கொண்ட தெருவின் முதற்படத்தை அழியாது காக்க. பெருக்கிய படத்தின்மேல் 'பொறி வரைந்தது' எனத் தமிழில் எழுதி வைக்க. அவ்வெழுத்தைக் கையால் எழுதுக.