ஆண்டுக் கணக்கும் நள்ளிரவு மின்சாரமும்

பெருந்தொழில்நுட்ப நிறுவனங்கள் தாம் செலவிடும் மின்சாரத்துக்கு ஈடாகக் காற்றாலை மின்சாரத்தையும் சூரிய மின்சாரத்தையும் வாங்கிவிடுவதால், அவற்றின் தரவு மையங்களால் சூழலுக்குச் சுமை ஏதுமில்லை என்னும் வாதம், ஆண்டுக் கணக்கைப் பார்த்து மணிக் கணக்கை மறந்த வாதம். கூகுள் 2017 முதல் தன் ஆண்டு நுகர்வுக்கு நிகரான புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தை வாங்கிவருவது உண்மை. மின் கொள்முதல் ஒப்பந்தங்கள், அதாவது இன்ன விலைக்கு இத்தனை ஆண்டுகள் வாங்குவோம் என்று முன்கூட்டியே தரப்படும் உறுதிகள், புதிய காற்றாலைகளுக்குக் கடன் கிடைக்க வழிசெய்தன என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் எங்கோ நண்பகலில் விளைந்த சூரிய மின்சாரம், வேறோரிடத்தில் நள்ளிரவில் ஓடும் கணினிக்கு வந்து சேர்வதில்லை. தரவு மையங்கள் செறிந்த அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியாவில், சன்னல் குறைந்த நீண்ட கட்டடங்களுக்குள் அடுக்கடுக்காக நிற்கும் கணினிகளும் அவற்றைக் குளிர்விக்கும் எந்திரங்களும் இரவு முழுவதும் இழுக்கும் மின்சாரத்தில் பெரும்பங்கை எரிவாயு நிலையங்களும் அணு உலைகளுமே தருகின்றன.

இந்த இடைவெளியைக் கூகுளே உணர்ந்திருந்தது. ஆகவேதான் 2030க்குள் ஒவ்வொரு மணி நேரமும் கரிமமற்ற மின்சாரத்தில் இயங்குவது என்ற, மிகக் கடினமான, பாராட்டத்தக்க இலக்கை 2020இல் அறிவித்தது. 2023இல் அது எட்டிய அளவு சராசரியாக 64 விழுக்காடு. அதே ஆண்டில் அதன் மொத்தப் பசுங்குடில் வாயு உமிழ்வு 2019ஐவிட 48 விழுக்காடு மிகுந்திருந்தது. ஆண்டுக் கணக்கில் ஈடுசெய்வதே போதுமென்றால், 2019இல் மூடப்பட்ட அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தின் முதல் உலையை மீண்டும் இயக்கவைத்து, அதன் மின்சாரத்தை 20 ஆண்டுகளுக்கு வாங்க 2024இல் மைக்ரோசாஃப்ட் ஒப்பந்தம் செய்ததற்குக் காரணம் என்ன என்பதை அவ்வாதத்தினர் விளக்க வேண்டும்.