சத்தமில்லாமல் வரும் ஸ்ட்ரோக்: மலை கிராமத்து 40 வயதுக்காரர்கள் பிரஷர் பார்க்கிறார்களா?

கொடைக்கானல்:

பக்கவாதம் என்றால் கை, கால் விழும், வாய் கோணும் என்றுதான் நமக்குத் தெரியும். எந்த அறிகுறியும் காட்டாமல் வந்துபோகும் ஸ்ட்ரோக்கும் உண்டு. மூளைக்குள் சின்ன ரத்தக்குழாய் ஒன்று அடைத்து, மிளகளவு இடம் செத்துவிடும். ஆள் பாட்டுக்கு காட்டு வேலைக்கு போய்க்கொண்டிருப்பார்.

அமெரிக்காவின் பிரேமிங்காமில், ஸ்ட்ரோக்கே வராத சுமார் 2 ஆயிரம் பேருக்கு ஸ்கேன் எடுத்தார்கள். 2008-ல் வெளியான முடிவில், சுமார் 10 பேரில் ஒருவருக்கு மூளையில் இந்த தழும்பு இருந்தது. தழும்பு உள்ளவருக்கு பின்னாடி பெரிய ஸ்ட்ரோக் வரும் ஆபத்து அதிகம். ஞாபகமும் மந்தமாகும். வீட்டில் கேட்டால் 'வயசாயிடுச்சு' என்பார்கள்.

இதை எம்.ஆர்.ஐ. ஸ்கேன்தான் காட்டும். பூம்பாறையிலும் மன்னவனூரிலும் அதுக்கு எங்கே போவது? நோவே தெரியாதவர் கூலியை விட்டுட்டு மலை இறங்குவாரா? ஆக, ஸ்கேனை விடுங்க. காரணத்தை பிடிக்கணும்.

முதல் காரணம் பிரஷர். அப்புறம் சுகர், பீடி சிகரெட், தாறுமாறான இதயத் துடிப்பு.

'மலைக்காத்து, தினமும் ஏறி இறங்குறோம், நமக்கு ஏது பிரஷர்?' என்பது இங்கே வழக்கமான பேச்சு. நடை நல்லதுதான். ஆனால் கருவாடு, ஊறுகாய் உப்பை அது அழித்துவிடாது. குளிரில் ரத்தக்குழாய் சுருங்கி பிரஷர் கூடும். உறைபனி கொட்டும் டிசம்பர், ஜனவரியில்தான் குளிருக்கு என்று பீடியும் 'கட்டிங்'கும் ஓடுகிறது. இரண்டுமே பிரஷரை ஏற்றும் சரக்குதான்!

140/90-க்கு மேலேயே நின்றால் அது பிரஷர். தலைவலி இருக்கணும் என்று அவசியமில்லை. இரண்டு நிமிட சோதனை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசும் கேட்பதில்லை. மாத்திரை வாங்கியவரோ 'இப்ப நல்லாத்தானே இருக்கேன்' என்று பத்து நாளில் நிறுத்திவிடுகிறார். மாத்திரை சாப்பிடுவதால்தான் நல்லா இருக்கிறார் என்பதை யாராவது சொல்லணும்.

பெரிய ஸ்ட்ரோக் வந்தால் அடைப்பை கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போடணும். கிளாவரையில் இருந்து கொடைக்கானல் டவுனுக்கு வரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு போக மலைப்பாதையில் இறங்கணும். வண்டி நெரிசல் தாங்காமல் 2024 மே 7-ல் இ-பாஸ் கொண்டுவந்த ரோடு அது.