எங்கள் கருப்பைக்கும் பெரட்டுக் கணக்கா?



சங்கக் கூட்டத்தில் சம்பளம், காணி, வீடு, ஈ.பி.எஃப் என்று எதைப் பேசினாலும் தலைவர்மார் நிமிர்ந்து உட்காருகிறார்கள். மாதவிடாய் என்று ஒரு பெண் வாய் திறந்தால் மட்டும், "அதெல்லாம் பொம்பளைங்க விசயம், நீங்களே பேசிக்கங்கம்மா" என்று எழுந்து வெளியே போய்விடுகிறார்கள். கொழுந்து மலையில் நிற்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். சந்தாவில் பெரும்பகுதி எங்கள் சம்பளச் சீட்டில் இருந்துதான் வெட்டப்படுகிறது. அப்படியிருக்க, எது பொம்பளை விசயம், எது சங்க விசயம் என்று கோடு கிழித்தது யார்? மகளிர் பிரிவைச் சேர்ந்த நாங்கள் இந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கித்தான் எழுதுகிறோம்.

முதலில் சம்பளக் கணக்கையே எடுப்போம், அதாவது தலைவர்மாருக்குப் பிடித்த கணக்கை. 2026 ஜனவரியில் இருந்து நாட்சம்பளம் 1,550 ரூபா. அதற்கு மேல் அரசாங்கம் தரும் வருகைக் கொடுப்பனவு 200 ரூபா. சேர்த்தால் 1,750. இதை வரவேற்று அறிக்கை விட்டவர்களில் ஒருவர்கூட, வர முடியாத நாளைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. இடுப்பு விட்டுப் போகிற வலியில் மாதத்துக்கு இரண்டு நாள் லயத்துக் காம்பராவில் படுத்தால் 3,500 ரூபா போச்சு. வலியோடு மலைக்கு ஏறிக் கிலோ குறைந்தாலோ அரைப்பேர். 2016 கூட்டு ஒப்பந்தத்திலும் 60 ரூபா வருகை ஊக்குவிப்பு என்று ஒன்று இருந்தது. வேலைநாளில் முக்கால் பங்கு பெரட்டுக்கு வந்தால்தான் அது கைக்கு வரும். 2019இல் அது நீங்கியது. இப்போது வேறு பெயரில் 200 ரூபாவாகத் திரும்பி வந்திருக்கிறது. மாதா மாதம் இரத்தம் போகாத உடம்பை நினைத்து எழுதிய கணக்கு இது.

மலையில் மலசலகூடம் இல்லை. இதை எத்தனை வருடமாகச் சொல்கிறோம்! காலை ஏழரைக்கு ஏறினால் மதியம் கொழுந்து நிறுக்க இறங்கும்வரை ஒரே துணி. மாற்றுவதென்றால் தேயிலைச் செடிக்கு நடுவே குந்த வேண்டும். மழைக்காலத்தில் அட்டை வேறு. அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல், சிறுநீரை அடக்கி அடக்கி, கடைசியில் எரிச்சலும் காய்ச்சலுமாக டிஸ்பென்சரிக்குப் போனால் ஒரு பனடோல் அட்டை கொடுத்து அனுப்புகிறார்கள். துவைத்த துணியை ஆண்கள் கண்ணில் படாமல் கட்டிலுக்கு அடியிலும் கூரை மூலையிலும் காயப் போடுகிறோம். வெயில் படாத துணியில்தான் கிருமி தங்கும். பேட் வாங்கலாம் என்றால் ஒரு பக்கட் வாங்குகிற காசு பிள்ளைகளின் பால்மா காசில் இருந்து போகிறது. 2024இல் பின்தங்கிய பாடசாலைகளின் மாணவிகளுக்கு 1,200 ரூபா வவுச்சர் கொடுத்தார்கள். நல்லது. பாடசாலையை விட்டுவிட்டுக் கொழுந்துக் கூடையைத் தூக்கிய பதினேழு வயதுப் பிள்ளைக்கு மாதவிடாய் வராதா?

இரத்தசோகை பற்றியும் ஒரு வார்த்தை. மாதவிடாய் மாதம் ஒன்று வருவது இயற்கை. 21 நாளுக்கும் 35 நாளுக்கும் இடையில் எப்போது வந்தாலும் அது வழமைதான். ஆனால் ஏழு நாளைத் தாண்டி ஓடினாலோ, கட்டி கட்டியாகப் போனாலோ, ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு துணி நனைந்தாலோ, "எங்கம்மாவுக்கும் அப்படித்தான்" என்று சும்மா இருக்கக் கூடாது. கிளினிக்கில் தரும் இரும்புச்சத்துக் குளிசையை நம்மில் பலர் விழுங்குவது சாயத் தண்ணியோடு. நாம் பறிக்கிற தேயிலையே அந்த இரும்பை உடம்பில் சேர விடாமல் தடுக்கிறது. குளிசைக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் தேத்தண்ணி வேண்டாம். தேசிக்காய்த் தண்ணியோடு குடித்தால் நன்றாகச் சேரும். தேயிலை உற்பத்திக் கணக்கை நாளுக்கு நாள் எழுதும் நிர்வாகம், இந்த ஒரு வரியை டிஸ்பென்சரிச் சுவரில் எழுதி வைத்ததை நாங்கள் பார்த்ததில்லை.

மாதவிடாய் நாளுக்குக் கூலி வெட்டினால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு மகாராஷ்டிராவின் பீட் மாவட்டம் சாட்சி. அங்கே கரும்பு வெட்டப் போகும் பெண்கள் ஒரு நாள் வராவிட்டால் ஒப்பந்தக்காரன் அபராதம் போடுவான். அதற்குப் பயந்து, இனி இரத்தமே வேண்டாம் என்று இளவயதிலேயே கருப்பையை அகற்றிக்கொண்டார்கள். 2019இல் அரசு ஒரு குழு போட்டு 82,000க்கும் மேற்பட்ட கரும்புத் தொழிலாளப் பெண்களை விசாரித்தபோது, 13,000க்கும் மேற்பட்டவர்களுக்குக் கருப்பை இல்லை என்று தெரிந்தது. வெட்டியது வைத்தியரின் கத்தி. வெட்ட வைத்தது கூலிக் கணக்கு.

நம்முடைய கதை அதைவிடப் பழையது. தொண்டியிலும் பாம்பனிலும் தோணி ஏறி மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியாக மாத்தளைக்கு நடந்த பெண்களில் கர்ப்பிணிகளும் உண்டு, கைக்குழந்தைக்காரிகளும் உண்டு. பிள்ளையை வழியில் புதைத்துவிட்டு நடந்தவர்களும் உண்டு. 2023இல் தலைமன்னாரில் இருந்து மாத்தளைக்கு நாம் அதே வழியில் மீண்டும் நடந்தோம். அந்தப் பெண்களின் வயிறு துரைமாருக்கு அடுத்த தலைமுறைக் கூலி. 1948 குடியுரிமைச் சட்டத்துக்கு அது தகப்பன் பெயரைக் கேட்டு மறுக்க வேண்டிய ஒன்று. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்து வைத்த ஒப்பந்தத்தில், 5,25,000 பேரை இந்தியா எடுக்கும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும், கூடவே அவரவர் "இயற்கை அதிகரிப்பு" என்று எழுதினார்கள். இயற்கை அதிகரிப்பு என்றால் என்ன? நம் பாட்டிமார் பெற்ற பிள்ளைகள். பிறக்காத பிள்ளையையும் பங்கு பிரித்தார்கள், பெறுகிறவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிறகு எண்பதுகள். 1980இல் இருந்து கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு அரசாங்கம் காசு கொடுத்தது. அது 500 ரூபா வரை ஏறியது. அன்றைக்கு ஒரு கொழுந்துக்காரியின் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டிய காசு அது. பசியில் இருப்பவளிடம் காசை நீட்டிச் சம்மதம் வாங்கினால் அது சம்மதமா? ஆபரேஷன் செய்தவளுக்கு அன்றைக்கு லூப் என்றும் குளிசை என்றும் வேறு வழிகள் இருந்தது தெரியுமா? தோட்டத்துறையில் நிரந்தரக் கருத்தடையின் பங்கு நகரத்தையும் கிராமத்தையும்விட உயர்ந்து நிற்பதை அரசின் சொந்தக் கணக்கெடுப்புகளே காட்டின. ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. 2019இல் குருநாகலில் ஒரு முஸ்லிம் வைத்தியர் சிங்களப் பெண்களுக்குக் கருத்தடை செய்தார் என்று ஆதாரமில்லாத கதை ஒன்று கிளம்பியபோது நாடே கொதித்தது. அவரைப் பிடித்து அடைத்தார்கள். கதை நிரூபிக்கப்படவில்லை, பின்பு அவர் வேலைக்குத் திரும்பினார். அந்தக் கொதிப்பில் நூறில் ஒரு பங்கு மலையகப் பெண்ணுக்காக எப்போதாவது வந்ததா?

திருக்கேதீஸ்வரத்துக்குப் போகிறவர்களுக்கு ஏ-32 வீதி தெரியும். கோயிலை விட்டு அதே வீதியில் வடக்கே போனால் விடத்தல்தீவு, வெள்ளாங்குளம் தாண்டி கிளிநொச்சி மாவட்டத்துக் கரையோரக் கிராமங்கள் வரும். 2013 ஓகஸ்ட் 31ஆம் திகதி வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு என்ற மூன்று கிராமங்களின் தாய்மார், பிள்ளைகளின் நிறை பார்க்க வேண்டும் என்று கூப்பிடப்பட்டார்கள். போன இடத்தில் கைத்தோலுக்கு அடியில் வைக்கும் கருத்தடைக் குச்சியை வைத்து அனுப்பினார்கள். வேண்டாம் என்றால் இனி ஆஸ்பத்திரியில் மருந்து கிடைக்காது என்று சொன்னதாக அந்தப் பெண்கள் பிறகு வெளியே சொன்னார்கள். வற்புறுத்தல் இல்லை என்று சுகாதாரத் தரப்பு மறுத்தது. போருக்குப் பிறகு வீடில்லாமல், தொழிலில்லாமல், கையில் பிள்ளையோடு நிற்கிற பெண்ணை மிரட்டப் பெரிய வார்த்தைகள் தேவையில்லை என்பது மட்டும் நமக்கு நன்றாகத் தெரியும். 1958, 1977, 1983 கலவரங்களுக்குத் தப்பி வன்னிக்கு வந்த நம் உறவுகள் அந்தப் பக்கமெல்லாம் இருக்கிறார்கள். சிவராத்திரிக்குப் போய் மடத்தில் தங்கும்போது அவர்களோடு பேசிப் பாருங்கள். நம் லயத்துக் கதையும் அவர்கள் கொட்டில் கதையும் ஒன்றாகவே இருக்கும்.

சிவராத்திரி என்றதும் இன்னொன்று. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம், பாலாவித் தீர்த்தம், எல்லாம் சரி. பஸ் புறப்படுகிற நாளில் "வீட்டுக்குத் தூரம்" வந்துவிடக் கூடாது என்று பார்மசியில் குளிசை வாங்கி விழுங்கும் பெண்கள் நம்மில் எத்தனை பேர்! காலில் இரத்தம் உறைந்தவர்களுக்கும் ஈரல் வருத்தம் உள்ளவர்களுக்கும் அந்தக் குளிசை ஆகாது. வைத்தியரிடம் கேட்காமல் எடுக்காதீர்கள். சிவன் அடுத்த வருடமும் அங்கேதான் இருப்பார்.

இவ்வளவும் எழுதியதால் நாங்கள் குடும்பக்கட்டுப்பாட்டுக்கு எதிரி என்று யாரும் நினைக்க வேண்டாம். "இனம் குறையுது, நாலு பெறுங்க" என்று மேடையில் முழங்குகிறவர்களோடும் எங்களுக்குச் சண்டைதான். பத்தடிக் காம்பராவில் நாலு பிள்ளையை வளர்ப்பது அவர்களா? பிள்ளை வேண்டும் என்பதும், வேண்டாம் என்பதும், இப்போது வேண்டாம் என்பதும் பெறுகிறவள் சொல்ல வேண்டிய சொல். அதை அரசாங்கம் சொன்னாலும், துரை சொன்னாலும், நம் தலைவர் சொன்னாலும், மாமியார் சொன்னாலும் தப்புத்தான்.

ஆகவே மிட்வைஃப் மிஸ்ஸி வரும்போது கேளுங்கள். இது எத்தனை வருடத்துக்கு? எடுத்துவிட்டால் திரும்பப் பிள்ளை வருமா? டெப்போ ஊசி என்றால் மூன்று மாதத்துக்கு ஒன்று. அதைப் போட்டால் மாதவிடாய் தாறுமாறாகும், நின்றும் போகலாம். லூப்பையும் கைக்குச்சியையும் நீங்கள் கேட்கிற நாளில் எடுத்துவிட வேண்டும், "வருசம் முடியல" என்று அனுப்பக் கூடாது. குழாய் வெட்டுகிற ஆபரேஷனைத் திரும்பச் சரிசெய்ய முடியும் என்று நம்பிச் செய்யாதீர்கள். பிரசவ வலியில் துடிக்கும்போது கடதாசியை நீட்டினால் கையெழுத்து வைக்காதீர்கள். கடதாசி சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால் தமிழில் வாசித்துச் சொல்லக் கேளுங்கள், அது சலுகை அல்ல. ஆண்களுக்குச் செய்யும் ஆபரேஷன் இதைவிடச் சின்னது, மரத்துப்போகும் ஊசியோடு முடிந்து அன்றே வீட்டுக்கு வரலாம், மூன்று மாதம் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். இதை வாசிக்கிற அண்ணன்மார், "அதச் செஞ்சா கவ்வாத்து வெட்ட முடியாது" என்ற பழைய கதையை விட்டுவிடுங்கள். 35 வயது ஆனவர்கள் சுவநாரி கிளினிக்குக்குப் போய்க் கருப்பைக் கழுத்துப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். அது இலவசம்.

சட்டத்தை மாற்ற முடியாது என்று சொல்கிறவர்களுக்கு ஒரு ஞாபகம். மூன்றாவது பிள்ளை பெற்றவளுக்குப் பிரசவ விடுமுறை 84 நாளில் பாதி, அதாவது 42 நாள்தான் என்று நம் நாட்டுச் சட்டம் பல காலம் வைத்திருந்தது. அது 2018இல் 15ஆம் இலக்கச் சட்டத்தால் நீங்கியது. பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே சம்பளம் என்பதையும் 1984 வேலைநிறுத்தம் வரை முடியாது என்றுதான் சொன்னார்கள். ஜப்பானில் மாதவிடாய் விடுமுறை 1947இல் இருந்து சட்டத்தில் இருக்கிறது. பீகார் அரசு 1992இல் தன் பெண் ஊழியர்களுக்கு மாதம் இரண்டு நாள் கொடுத்தது. கர்நாடகம் 2025இல் மாதம் ஒரு நாள் என்று முடிவு செய்தது.

எங்கள் கோரிக்கையை அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தைப் பட்டியலில் எழுதச் சொல்கிறோம். மாதம் இரண்டு நாள் சம்பளத்தோடு ஓய்வு, அந்த நாட்களுக்கு வருகைக் கொடுப்பனவும் வெட்டக் கூடாது. டொக்டர் சீட்டு, கங்காணி சீட்டு என்று கேட்கக் கூடாது. ஒவ்வொரு மலைக்கும் தண்ணீரோடு ஒரு மலசலகூடம். தோட்டத்து டிஸ்பென்சரியை அரச சுகாதார சேவையோடு சேர்த்து, தமிழ் பேசும் குடும்பநல உத்தியோகத்தரை நியமிக்க வேண்டும். கிளினிக்குக்குப் போகும் நாளுக்கு முழுப்பேர்.

மாவட்டக் கமிட்டிக் கூட்டத்தில் இதை முதல் விடயமாக எடுக்கும்படி செயலாளருக்குக் கடிதம் கொடுத்திருக்கிறோம். தோட்டக் கமிட்டிகளில் இருக்கும் பெண்கள் தவறாமல் வாருங்கள். தலைவர் ஐயாமார் அந்த நேரம் பார்த்துத் தேத்தண்ணி குடிக்க எழும்பினால், தேத்தண்ணியை உள்ளேயே கொண்டுவந்து கொடுக்க ஏற்பாடு செய்திருக்கிறோம்.

மகளிர் பிரிவு